நம்ம லயத்துக்கு எப்ப வரும்? பல்கலைக்கழக ஆய்வும் மலையகத்து மின்சாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, பேராதனையில் பொறியியல் படித்தவள் நான். ஊருக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸிலும் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் சுத்தமான மின்சாரத்தைப் பற்றி ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நின்றுகொண்டே பாதிப் பதில் சொல்லிவிட்டு வருவது எனக்கே குறையாக இருந்தது. அதனால் அவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

பிள்ள, சுத்தமான சக்தி, சுத்தமான சக்தின்னு சொல்றீங்களே, அப்படின்னா சோலாரா?

சோலார் அதில் ஒன்று. ஓடைத் தண்ணீர், காற்று, சாணத்திலும் மரக்கறிக் கழிவிலும் வரும் வாயு எல்லாமே சேர்த்தி. டீசலும் நிலக்கரியும் எரிக்காமல், திரும்பத் திரும்பக் கிடைக்கும் ஒன்றிலிருந்து வேலை வாங்குவதுதான் விஷயம்.

விறகைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். வெட்டிய அளவுக்கு மரம் நட்டால் விறகும் திரும்பக் கிடைக்கும் எரிபொருள்தான். ஆனால் ஜன்னலில்லாத லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அடுப்படியில் அந்தப் புகையை முப்பது வருடம் சுவாசித்த அம்மாக்களின் நெஞ்சுக்கு அது சுத்தமில்லை. அந்தப் புகையையும் கணக்கில் சேர்த்துத்தான் நான் 'சுத்தம்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறேன்.

ஆராய்ச்சி எல்லாம் புத்தகத்துலதானே இருக்கு? நம்ம லயத்துக்கு என்ன வந்துச்சு?

இந்தக் கோபம் நியாயமானது. நம் மலையிலேயே நடந்த கதை ஒன்று இருக்கிறது. பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர 1912இல் நானுஓயா அருகே பிளாக்பூலில் ஒரு சிறு நீர்மின் நிலையம் அமைத்து, நுவரெலியா நகருக்கு வெளிச்சம் கொடுத்தார். 1918இல், லக்சபான நீரில் பெரிய அளவில் மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டு ஒரு கட்டுரை படித்தார். லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். முப்பத்திரண்டு வருடம்! அந்த மின்சாரம் கொழும்புக்குப் போன பிறகும், அந்த மலையைச் சுற்றியிருந்த பல லயங்களில் பல காலம் குப்பி விளக்குதான் எரிந்தது.

ஆய்வுகூடத்தில் ஒன்று வேலை செய்வது ஒரு கட்டம். அது நம் மழையிலும் நம் ஆட்கள் கையிலும் வேலை செய்வது இன்னொரு கட்டம். இரண்டுக்கும் நடுவில் விலை, பழுது பார்க்கிற ஆள், உதிரிப்பாகம், யாருக்குச் சொந்தம் என்கிற வழக்கு எல்லாம் கிடக்கின்றன. இதை 'நடுவழி' என்று வைத்துக்கொள்வோம். கீழே பல பதில்கள் இந்த நடுவழியில்தான் வந்து நிற்கும்.

நம்ம பக்கத்துல யார் இதையெல்லாம் ஆராயிறாங்க?

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விஞ்ஞான பீடமும், கண்டி ஹந்தானையில் இருக்கும் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகமும், 2005இல் பதுளையில் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமும். மூன்றும் மலைநாட்டிலேயே இருக்கின்றன. ஹட்டனில் காலை ரயில் ஏறினால் பகலுக்குள் பேராதனையில் இறங்கலாம். அவ்வளவு பக்கம்.

மிஸ், சாயத்துல கரண்ட் எடுக்கிறாங்களாமே, நெசமா?

நிஜம்தான். கடையில் பார்க்கும் சோலார் தகடு சிலிக்கனில் செய்தது. இது வேறு வகை. வெள்ளைப் பெயின்டில் போடும் டைட்டேனியம் டயொக்சைட்டை மிக நுண்ணிய துளைகள் கொண்ட படலமாகக் கண்ணாடியில் பூசி, அதன்மேல் சாயம் ஏற்றுவார்கள். வெயில் பட்டதும் சாயம் இலத்திரனை விடுகிறது, அதை அந்தப் படலம் வாங்கிக் கொள்கிறது. இலை பச்சையத்தால் வெளிச்சத்தைப் பிடிக்கிற மாதிரி என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். 1991இல் சுவிட்சர்லாந்தில் ஓ'ரீகனும் கிராட்சலும் இதை நல்ல திறனோடு செய்து காட்டினார்கள்.

அவர்களுடைய கலத்துக்குள், அதாவது அந்தச் சாயத் தகட்டுக்குள், அயடின் சேர்ந்த திரவம் இருந்தது. திரவம் கசியும், ஆவியாகும். ஹந்தானையில் பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோன் குழு 1995இல் அந்தத் திரவத்தை எடுத்துவிட்டு, செப்பு அயடைட்டு என்ற திண்மத்தை வைத்து ஒரு கலம் செய்தது. உலகம் திரும்பிப் பார்த்த வேலை அது. பேராதனையில் பேராசிரியர் எம்.ஏ.கே.எல். திசாநாயக்கவும் மாணவர்களும் திரவத்துக்குப் பதில் ஜெல் போன்ற பொலிமர்களை வைத்துப் பல வருடம் உழைத்தார்கள். ஹந்தானை மலையை பஸ் ஜன்னலில் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

அப்போ அது ஏன் இன்னும் கடைக்கு வரல?

சிலிக்கன் தகடு வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கையோ அதற்குக் கொஞ்சம் கூடவோ மின்சாரமாக்கும், இருபது இருபத்தைந்து வருடம் கூரையில் கிடக்கும். சாயக் கலம் இரண்டிலும் பின்தங்கியது. இதற்கிடையில் சிலிக்கனின் விலையும் விழுந்துவிட்டது. மேலே சொன்ன நடுவழியில் அது நிற்கிறது.

வீணாய்ப் போனதா என்றால், இல்லை. மங்கலான வெளிச்சத்திலும் அது நன்றாக வேலை செய்வதால், வீட்டுக்குள் வைக்கும் சிறு கருவிகளுக்குப் பொருத்தம். இப்போது உலகமெங்கும் பேசப்படும் பெரொவ்ஸ்கைட் என்ற படிகவகைச் சோலார் கலங்கள் இந்தச் சாயக் கல ஆய்விலிருந்துதான் கிளைத்தன.

எங்க ஊர்ல பாதி நாள் மூடுபனி. சோலார் போட்டா காசு வீண்தானே?

குளிர் நல்லது, மேகம் கெட்டது. தகட்டின் திறனை 25 பாகை செல்சியஸில் அளந்து எழுதுவார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 0.3 முதல் 0.4 வீதம் குறையும். மட்டக்களப்பில் உச்சி வெயிலில் தகடு 65 பாகைக்குச் சூடாகிவிட்டால் ஏறத்தாழ 14 வீதம் போச்சு. நுவரெலியாவில் அதே தகடு 45 பாகையில் நின்றால் இழப்பு பாதிதான்.

ஆனால் மூடுபனி தின்பது இதைவிட அதிகம். அதனால் கொழும்பில் விற்கிறவர் காட்டும் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். ஒரு கிலோவாட் தகடு நாளைக்கு நான்கு யூனிட் தரும் என்றால், அது எந்த ஊரில் அளந்தது என்று கேளுங்கள். ஒரே தோட்டத்தில்கூட மேல் டிவிஷனும் கீழ் டிவிஷனும் வேறு. பின்னேரம் இரண்டு மணிக்கெல்லாம் மலை நிழல் விழும் லயமும் இருக்கிறது.

எங்க பீலிக்கு மேல ஒரு ஓடை ஓடுது. அதுல கரண்ட் எடுக்கலாமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இரண்டு அளவு வேண்டும்: ஒரு செக்கனுக்கு எத்தனை லீற்றர் தண்ணீர், எத்தனை மீற்றர் உயரத்திலிருந்து இறங்குகிறது. ஓடையை ஒரு குழாய் வழியாகத் திருப்பி 20 லீற்றர் வாளியில் பிடியுங்கள். நான்கு செக்கனில் நிரம்பினால் செக்கனுக்கு 5 லீற்றர். உயரத்துக்கு மேசன் பாஸிடம் இருக்கும் தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் போதும். மட்டம் பிடித்து மட்டம் பிடித்துக் கீழே இறங்கி, கூட்டிக்கொண்டே வர வேண்டும்.

லீற்றரை மீற்றரால் பெருக்கி, அதை 5ஆல் பெருக்கினால் கிடைக்கும் வாட் அளவு ஏறத்தாழ வரும். பூமியின் ஈர்ப்புக்கு 9.81 என்று பெருக்கி, சின்ன இயந்திரத்தில் பாதி வீணாகும் என்று கழித்ததுதான் அந்த 5. ஐந்து லீற்றர், நாற்பது மீற்றர் என்றால் 1,000 வாட். சின்னது என்று நினைக்காதீர்கள். தண்ணீர் ராத்திரியும் ஓடும், ஆகவே நாளைக்கு 24 யூனிட். அதே ஒரு கிலோவாட்டுக்குச் சோலார் போட்டால், மேலே சொன்ன மாதிரி, நல்ல வெயில் நாளிலேயே நான்கு யூனிட்தான்.

பன்னிரண்டு வீட்டு லயமொன்றுக்குப் பகிர்ந்தால் வீட்டுக்கு 80 வாட் சொச்சம். பல்பு, போன், டீவிக்குப் போதும். கேத்தல் போட முடியாது. இதை முதலிலேயே எல்லா வீட்டிலும் சொல்லிவிடுங்கள், பிறகு சண்டை வராது.

பழைய ஸ்டோர்ல ஒரு டர்பைன் துருப்பிடிச்சுக் கெடக்கே, அதை ஓட்ட முடியாதா?

பல தோட்டத்து ஸ்டோர்களில், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளில், இப்படி இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலை இயந்திரங்களையே தண்ணீர்தான் சுற்றியது. சக்கரமும் அச்சும் நல்லிரும்பாக இருந்தால் உயிர் கொடுக்கலாம். பெரும்பாலும் செத்துப்போயிருப்பது இயந்திரமில்லை, வாய்க்காலும் குழாயும். மேலே தண்ணீர் எடுத்த இடத்தில் இப்போது ஒரு லயமோ மரக்கறித் தோட்டமோ வந்திருக்கும். ஆகவே டர்பைனைக் கழற்றுவதற்கு முன்னால் வாய்க்கால் வழியே ஒருமுறை மேலே நடந்து பாருங்கள்.

மோட்டாரையே திருப்பிச் சுத்தினா கரண்ட் வரும்னு யூடியூப்ல பார்த்தோம். செய்யலாமா?

செய்யலாம், ஆனால் தனியாகச் செய்யாதீர்கள். சாதாரண மூன்று பேஸ் மோட்டாருக்குச் சரியான கொள்ளளவிகள், அதாவது கெப்பாசிட்டர்கள், இணைத்து அதன் வழக்கமான வேகத்துக்குக் கொஞ்சம் மேலே சுற்றினால் அது ஜெனரேட்டராகிவிடும். மலிவு, எங்கும் கிடைக்கும், கிராமத்து நீர்மின் திட்டங்களில் பழகிய வழி.

ஆபத்து எங்கே என்றால், ராத்திரி பத்து மணிக்கு எல்லோரும் லைட்டை அணைக்கும்போது. சுமை குறைந்ததும் இயந்திரம் வேகமெடுக்கும், வோல்ட் ஏறும், மிச்சமிருக்கிற டீவி கருகும். அதைத் தடுக்கத்தான் சுமைக் கட்டுப்பாட்டுக் கருவி. வீடுகள் எடுக்காத மின்சாரத்தை அது உடனே ஒரு சூடாக்கிக்குத் திருப்பிவிடும். அந்தச் சூடாக்கியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்தால் விடியற்காலை பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போகிறவர்களுக்கு வெந்நீர். குளிர் மலையில் இதைவிட நல்ல 'கழிவு' எனக்குத் தெரியாது.

நான் போய்ப் பார்த்த ஒரு டிவிஷனில் சக்கரமும் குழாயும் புதிது போல இருந்தன. இந்தக் கட்டுப்பாட்டுக் கருவியில் ஒரு சின்னப் பாகம் எரிந்து, திருத்த ஆளில்லாமல் முழுத் திட்டமும் நின்றுவிட்டது. வீடுகள் திரும்ப இருண்டன. பொறியியல் மாணவர்களுக்கு நல்ல ஆய்வுத் தலைப்பு என்று நான் நினைப்பது இதுதான்: ஹட்டன் டவுன் ரேடியோக் கடைக்காரரே திருத்தக்கூடிய ஒரு கட்டுப்பாட்டுக் கருவி.

மாசி, பங்குனியில ஓடை நூல் மாதிரி ஆயிடுது. அப்ப என்ன பண்றது?

ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேல் பருவமழை கொட்டும். தை கடைசியிலிருந்து பங்குனி வரை வறட்சி. பதுளை, ஊவாப் பக்கத்துக்கு மார்கழி, தை மாதத்து வடகீழ் மழைதான் முக்கியம். ஆகவே பக்கத்துத் தோட்டத்துக் கணக்கு மலைக்கு அந்தப் பக்கம் செல்லாது.

இதில் ஒரு நல்ல பொருத்தம் உண்டு. ஓடை வற்றும் மாதங்களில்தான் வானம் தெளிவாக இருக்கும். சோலாரும் ஓடையும் ஒன்று விட்டதை ஒன்று பிடிக்கும். இரண்டையும் ஒரே பற்றரியோடு சேர்த்து, எது எப்போது ஓடவேண்டும் என்று தானே தீர்மானிக்கும் கட்டுப்பாட்டைச் செய்வது மின் பொறியியல் துறைகளில் நிறையப் பேர் ஆராயும் விஷயம்.

ஸ்டோர்ல லொறி லொறியா விறகு எரிக்கிறாங்களே, அதுக்கு வழி இல்லையா?

ஒரு கிலோ தேயிலைத் தூளுக்குச் சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மிச்சம் மூன்றரைக் கிலோ தண்ணீர், அதைக் காற்றும் நெருப்பும் சேர்ந்து வெளியேற்ற வேண்டும். சோலார் தகட்டு மின்சாரத்தில் அந்தச் சூட்டை எடுப்பது கட்டுப்படியாகாது. சிறந்த வழிகள் சாதாரணமானவை. ஈர விறகில் எடையில் பாதியளவு தண்ணீர். அதைக் கொதிக்கவைக்கவே நெருப்பின் ஒரு பங்கு போகும். கூரைக்குக் கீழே காற்றோட்டமாக அடுக்கி, மாதக்கணக்கில் காயவைத்தாலே விறகு மிச்சம்.

அடுத்தது கொழுந்து வாட்டும் தொட்டிகளின் விசிறி. விசிறியின் வேகத்தை 80 வீதமாகக் குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ பாதியாகிவிடும், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப அது மாறுவதால். கொழுந்து பாதி வாடியபிறகு அவ்வளவு காற்றுத் தேவையுமில்லை. வேகத்தை மாற்றும் கருவி போட்ட ஸ்டோர்களில் இது நடைமுறையில் இருக்கிறது. விறகுக்கு கிளிரிசிடியா வளர்க்கலாம். அரசாங்கம் 2005இல் அதை நான்காவது தோட்டப் பயிராக அறிவித்தது. வேலிக்கு நட்டால் இலை மாட்டுக்கு, கிளை அடுப்புக்கு.

சாணி கேஸ் குளிர்ல வராதுன்னு சொல்றாங்களே?

வரும், மெதுவாக வரும். சாணத்தைச் செரிக்கிற கிருமிகளுக்கு 35 பாகைச் சூடு பிடிக்கும். நுவரெலியாவின் சராசரி 16 பாகை அளவு. ஒரு மாடு நாளைக்குப் பத்துக் கிலோ சாணம் போட்டால், சூடான ஊரில் மூன்று மாட்டுச் சாணம் ஒரு குடும்பச் சமையலுக்குச் சரி. நம் பக்கம் அதே சாணத்தில் பாதி கேஸ்தான் வரும் என்று வைத்துக்கொண்டு தொட்டியைப் பெரிதாக்க வேண்டும். தொட்டி மண்ணுக்குள் ஆழமாக இருக்கட்டும், வெதுவெதுப்பான தண்ணீரில் சாணத்தைக் கரைத்து ஊற்றுங்கள், மேலே வைக்கோலோ பொலித்தீனோ மூடுங்கள். மரக்கறிக் கழிவும் சேர்க்கலாம், ஆனால் ஒரே நாளில் கூடை கூடையாகக் கொட்டினால் தொட்டி புளித்துப்போய் நின்றுவிடும்.

பென்சில் காரீயத்துல பற்றரி செய்யப் போறாங்களாமே?

லித்தியம் பற்றரியின் ஒரு முனை காரீயம்தான், அதாவது கிராஃபைட். ஈயம் இல்லை. இலங்கையின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் பாறை வெடிப்புகளில் படிந்த நரம்புக் காரீயம் கிடைக்கிறது, உலகில் வணிக அளவில் வேறெங்கும் இல்லை. வெட்டும்போதே மிகத் தூய்மையானது. ஆனால் பற்றரிக்கு 99.9 வீதத்துக்கும் மேல் தூய்மை வேண்டும், துகளின் மேற்பரப்பையும் பதப்படுத்த வேண்டும். ஹந்தானையிலும் ஊவா வெல்லஸ்ஸவிலும் இதை ஆராய்கிறார்கள். கல்லாக ஏற்றுமதி செய்வதைவிட, பதப்படுத்தி விற்றால் கூலி இங்கே நிற்கும்.

கரண்ட் கட் ஆனா சோலார் போட்ட வீடும் இருட்டா இருக்கே, ஏன்?

மின்சார சபைக் கம்பியோடு இணைத்த சாதாரண இன்வேட்டர் (தகட்டு மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி), கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறித் திருத்துகிறவர் உங்கள் வீட்டு மின்சாரத்தில் செத்துப்போவார். பற்றரியும், வீட்டைக் கம்பியிலிருந்து பிரித்துவிடும் ஏற்பாடும் உள்ள இன்வேட்டர் இருந்தால் மட்டும் வெளிச்சம் இருக்கும்.

2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்க மின்சாரம் போனது நினைவிருக்கும். ஒரு துணைமின் நிலையத்தில் தொடங்கிய கோளாறு. ஞாயிறு என்பதால் பாவனை குறைவு, நல்ல வெயில், ஆகவே கூரைச் சோலாரின் பங்கு கூட. நீராலும் நிலக்கரியாலும் ஓடும் பாரமான இயந்திரங்கள் சுழன்றுகொண்டிருந்தால் அந்தச் சுழற்சியே அதிர்ச்சியைத் தாங்கும். அவை குறைவாக இருந்ததால் தாங்கவில்லை. அந்தத் தாங்கும் வேலையைப் பற்றரியும் இன்வேட்டரும் செய்யப் பழக்குவதுதான் இப்போது மின் ஆய்வாளர்களின் பெரிய வேலை.

லயத்துக் கூரை நமக்குச் சொந்தமில்லையே. சோலார் போட விடுவாங்களா?

கடினமான கேள்வி, விஞ்ஞானத்தில் இதற்குப் பதில் இல்லை. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992 முதல் பெரும்பாலானவை கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கின்றன. லயம் நிற்கும் நிலம் குடியிருப்பவர் பெயரில் இல்லை. சோலார் மின்சாரத்தைச் சபைக்குக் கொடுத்துக் கணக்குத் தீர்க்கும் திட்டங்கள் 2016இல் விரிவாகின, ஆனால் மீட்டரும் கூரையும் யார் பெயரில் என்ற இடத்திலேயே நம் ஆட்கள் பலர் நின்றுவிடுகிறார்கள். 7 பேர்ச் காணியில் தனிவீடு கட்டி, காணி உறுதிப் பத்திரமும் கையிலிருப்பவர்களுக்கு வழி எளிது. இருநூறு வருடம் இந்த மலையை வெட்டித் திருத்திய மக்களுக்குக் கூரையில் ஒரு தகடு வைக்க உரிமை இல்லை என்பது எனக்கு ஆறாத வலி.

இப்போதைக்குக் கோயில், பாடசாலை, பிள்ளை மடுவம் (குழந்தைகள் காப்பகம்) போன்ற பொதுக் கட்டடங்களில் தொடங்குவது நல்லது. லயத்துத் தகரத்தில் வைப்பதானால் கீழே மரம் உளுத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு தகடு இருபது கிலோவுக்கு மேல், ஆடிக் காற்றும் சேரும்.

என் மக உயர்தரம் எடுக்கப் போறா. இந்தப் படிப்புக்கு எப்படிப் போறது?

இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் எடுத்தால் பொறியியலுக்கோ பௌதிக விஞ்ஞானத்துக்கோ போகலாம். தொழினுட்பப் பிரிவிலிருந்தும் பட்டப்படிப்பு உண்டு. நுவரெலியா, பதுளை இரண்டும் பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீட்டில் வருகின்றன. பல்கலைக்கழகத்தில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். எனக்கு முதல் ஆறு மாதம் அழுகைதான், பிறகு பழகிவிட்டது. மகளை இப்போதிருந்தே பௌதிகவியலை ஆங்கிலத்திலும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள்.

ஆராய்ச்சின்னு வந்து போட்டோ புடிச்சிட்டுப் போறாங்க, அப்புறம் ஆளையே காணோம். இனி வந்தா விடணுமா?

விடுங்கள், ஆனால் கேள்வி கேட்டு விடுங்கள். கருவி உடைந்தால் யார் திருத்துவார், எத்தனை வருடம்? எங்கள் பையன்களில் இரண்டு பேருக்குத் திருத்தப் பழக்குவீர்களா? அளந்த கணக்கின் ஒரு பிரதி எங்களுக்குத் தமிழில் வருமா? திட்டம் முடிந்ததும் கருவி யாருக்குச் சொந்தம்? நல்ல ஆய்வாளர் இதற்குக் கோபப்பட மாட்டார். மேலே சொன்ன அந்த இருண்ட டிவிஷனில் முதல் நாளே இதைக் கேட்டிருந்தால் ஒரு வழி பிறந்திருக்கும்.

ஓடையை அளக்கச் சொல்றீங்க. அளந்துட்டு யார்கிட்ட குடுக்கிறது?

பொறியியல் மாணவர்கள் கடைசி வருடத்தில் ஓர் ஆய்வுத் திட்டம் செய்தே ஆகவேண்டும், நல்ல தலைப்புத் தேடித் தவிப்பார்கள். துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், தமிழில் எழுதினாலும் சரி. மின்சாரத்தைச் சபைக்கு விற்கும் எண்ணம் இருந்தால் நிலைபெறுதகு வலு அதிகாரசபையின் அனுமதியும் தேவை. சொந்தப் பாவனைக்கே என்றாலும் பிரதேச செயலகத்திலும் தோட்ட நிர்வாகத்திலும் முன்கூட்டிச் சொல்லுங்கள், கீழே அதே தண்ணீரைக் குடிக்கிற லயத்திலும் கேளுங்கள்.

கடிதத்தோடு ஒரு கொப்பியும் போகட்டும்: வாரத்துக்கு ஒருமுறை, ஒரே இடத்தில், வாளி நிரம்பிய செக்கன், தேதி. ஒரு வருடக் கணக்கு இருந்தால் மிக நல்லது. அதற்குப் பொறுமை இல்லையென்றால் பங்குனி மாத அளவையாவது கட்டாயம் எடுங்கள். குழாயின் பருமனையும் டர்பைனையும் அந்த மாதத்து நூல் தண்ணீரைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.